பழைய டிஜிட்டல் மல்டிட்ராக் ரெக்கார்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஸ்டுடியோவில் பழைய மல்டிட்ராக் ரெக்கார்டரை (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்கில், அதாவது தடத்தில், பதியும் கருவியை) வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன். பெரும்பாலான பதில்கள் ஹார்ட் டிஸ்க்கில் பதியும் கருவிகளைப் பற்றியவை. டேப்பில் பதியும் கருவிகளுக்குக் கடைசியில் ஒரு பதில் இருக்கிறது.

இவ்வளவு பழைய மெஷினை இன்னும் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் என்ற ரெக்கார்டர் 1992இல் கடைகளுக்கு வந்து, எஸ்-விஹெச்எஸ் வீடியோ டேப்பில் 8 ட்ராக்குகளைப் பதிந்தபோதுதான் வீட்டில் டிஜிட்டல் பல்தடப் பதிவு என்பது சாதாரண இசைக்கலைஞருக்கு எட்டியது. 1996இல் ரோலண்டின் விஎஸ்-880 மிக்ஸர், எஃபெக்ட், ஹார்ட் டிஸ்க் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. 2001இல் வந்த அலெசிஸ் ஹெச்டி24 ஒரே நேரத்தில் 24 ட்ராக்குகளை 24 பிட்டில் பதிந்தது. இவற்றின் ஒலித்தரம் இன்றைக்கும் ஒரு கச்சேரியைப் பதியப் போதுமானது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் பாட்டு பல வீடுகளில் வேறெங்கும் இல்லை. கருவி போனால் இன்னொன்று வாங்கலாம், உள்ளே இருக்கும் குரலை வாங்க முடியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் ஒவ்வொரு ஆலோசனையும் அந்தக் கவலையிலிருந்தே வருகிறது.

ஏதோ கோளாறு, என்னவென்று தெரியவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் மின்சாரம், அடுத்து இணைப்புகள், அதற்கடுத்து கிளாக் (டிஜிட்டல் பதிவுக்குத் தாளம் போடும் உள்கடிகாரம்), கடைசியாக ஹார்ட் டிஸ்க் என்ற வரிசையில் பாருங்கள். டிஸ்க்கின் கோளாறுபோலத் தோன்றுவது பல நேரங்களில் பவர் சப்ளையின் கோளாறாக இருக்கும் என்பதால் இந்த வரிசை முக்கியமானது. சரியான வோல்டேஜ் கிடைக்காத டிஸ்க்கும் பழுதான டிஸ்க்கைப் போலவே நடந்துகொள்ளும்.

கருவி ஓடும் நிலையில் இருந்தால், எந்தச் சோதனைக்கும் முன்பு உள்ளே இருக்கும் பாடல்களை நகலெடுத்துவிடுங்கள். அதற்கான வழி பின்னால் வருகிறது. கருவி எந்தக் கேள்வி கேட்டாலும், அதன் பொருள் முழுதாகப் புரியாதவரை ‘யெஸ்’ பொத்தானைத் தொடாதீர்கள்.

சுவிட்சைப் போட்டால் உயிரே இல்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது.

பின்பக்கத்தில் மின்கம்பி செருகும் இடத்தருகே அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் நம் வீட்டு 230 வோல்டுக்குப் பொருந்தும். 117 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது. 100 என்று மட்டும் இருந்தால் ஜப்பானியச் சந்தைக்குச் செய்தது. இவற்றை நேரடியாக நம் பிளக்கில் செருகியிருந்தால், பெரும்பாலும் உள்ளே ஃபியூஸும், மிகை வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் வாரிஸ்டரும் போயிருக்கும். சில நேரம் அவற்றோடு நின்றிருக்காது.

இரண்டாம் கைக்கு வாங்கிய கருவியை முதன்முதலில் ஓட்டும்போது, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும், ஒரு பல்பைத் தொடராக இணைத்த சீரிஸ் போர்டின் வழியாக ஓட்டுவது நல்லது. பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை என்று கொள்ளலாம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பலகையில் கை வைக்கவே வேண்டாம்.

நன்றாகத்தான் ஆன் ஆகிறது, அரை மணி நேரம் போனால் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

சூடேறிய பிறகு வரும் கோளாறுகளில் முதல் சந்தேகம் பவர் சப்ளையிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் மேல்தான் விழவேண்டும். அவற்றுக்குள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கான சூட்டில் வற்றிப்போகிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தைக்கு வந்த தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் கணினிகளையும் தொலைக்காட்சிகளையும் கெடுத்ததைப் போலவே, இந்தக் கருவிகள் சிலவற்றையும் கெடுத்தன. மூடியைத் திறந்து பார்த்தால், தட்டையாக இருக்க வேண்டிய கெப்பாசிட்டரின் தலை சிறு குன்றுபோல் புடைத்திருக்கும், அல்லது அடியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருக்கும். புடைக்காமலே செத்துப்போனவையும் உண்டு.

மல்டிமீட்டரை வைத்து, கருவி ஓடும்போது டிஸ்க்குக்குப் போகும் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 4.75க்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கின் மேல் குற்றமில்லை, பவர் சப்ளையைத்தான் கவனிக்க வேண்டும். மாற்றுக் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி தாங்குபவையாகவும், சுவிட்சிங் பவர் சப்ளைக்கென்றே செய்த குறைந்த உள்தடை கொண்டவையாகவும் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் இவை கிடைக்கும். விலை குறைவு என்பதற்காக 85 டிகிரி வகையை வாங்கிவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதியும் செட்டிங்கும் அழிந்துவிடுகின்றன.

உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 வகை. சில கருவிகளில் அதைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள்; அப்போது ஒரு தாங்கியைப் பற்றவைத்து அதில் புதியதைச் செருகுவது அடுத்த முறைக்கு வசதி.

திரையில் எழுத்து மங்கிவிட்டது. மாற்ற வேண்டுமா?

முதலில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்ததால் அந்த மதிப்பும் பூஜ்ஜியத்துக்குப் போயிருக்கலாம். டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் எழுத்து தெரிகிறது என்றால் திரை நலமாக இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. பதிவுகளை வெளியே எடுக்கும்வரை டார்ச்சோடு சமாளிக்கலாம்.

மூன்றாவது சேனலில் மட்டும் சத்தம் விட்டு விட்டு வருகிறது. மைக்கை மாற்றியும் பயனில்லை.

பதிவிலேயே சத்தம் விடுபடுகிறதா, கேட்கும்போது மட்டும் விடுபடுகிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பதிந்த பகுதியை இரண்டு முறை ஓட்டிக் கேளுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் விட்டுப்போனால் கோளாறு உள்ளே வரும் வழியில் இருக்கிறது; வெவ்வேறு இடத்தில் விட்டுப்போனால் வெளியேறும் வழியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் ஜாக்கின் உட்பக்கத் தகடு கறுத்துப்போகிறது. இருபது வருடம் செருகாமலே கிடந்த ஜாக்கில்தான் இது அதிகம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளக்கின் முனையில் சிறிது கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். எடுத்த பிளக்கை வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரைக்கும் தொடருங்கள். ஃபேடருக்கும் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்வுக் குமிழுக்கும்) இதே மருந்துதான், ஆனால் ஒரு சொட்டு போதும். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை ஃபேடரில் அடித்துவிடாதீர்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு சில மாதங்களில் பசையாகிவிடும்.

பதிவில் ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம். எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடுகிறது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. அந்தப் பின் உங்கள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. மைக்கில் வாய் வைத்துப் பாடுபவருக்கும் அதுவே பாதுகாப்பு.

எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனை மட்டும் செருகிக் கேளுங்கள். ரீங்காரம் போய்விட்டால் காரணம் எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த்தோடு சேர்ந்திருப்பது. ரெக்கார்டர், மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து ஓட்டுங்கள், முடிந்த இடத்திலெல்லாம் மூன்று கம்பி பாலன்ஸ்டு கேபிளைப் பயன்படுத்துங்கள். ஹெட்ஃபோனிலும் ரீங்காரம் தொடர்ந்து, அதுவும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸில் கேட்டால், மேலே சொன்ன கெப்பாசிட்டர்களுக்குத் திரும்புங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால், உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள். சதுர அலை வகை இந்தக் கருவிகளுக்கு ஆகாது.

டிஜிட்டல் கேபிளில் இணைத்ததிலிருந்து ‘டிக் டிக்’ என்று வெடிக்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

இல்லை, பெரும்பாலும் இது கிளாக் தகராறு. டிஜிட்டலாக இணைந்த இரண்டு கருவிகளில் ஒன்றுதான் தாளம் போட வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டுமே தன் கிளாக்கில் ஓடினால் சிறிது சிறிதாக விலகி, ஒரு சாம்பிள் (ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளப்பதில் ஓர் அளவு) விலகும்போதெல்லாம் ஒரு வெடிப்புக் கேட்கும். ஒழுங்கான இடைவெளியில் வருவது இதன் அடையாளம். பெறும் கருவியின் மெனுவில் கிளாக்கை ‘இன்டர்னல்’ என்பதிலிருந்து டிஜிட்டல் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள்.

ஆப்டிகல் கேபிளில் இன்னொரு குழப்பம் உண்டு. இரண்டு சேனலைக் கடத்தும் எஸ்பிடிஐஎஃப் முறைக்கும், 8 சேனலைக் கடத்தும் ஏடாட் முறைக்கும் ஒரே மாதிரி பிளக், ஒரே மாதிரி கேபிள். சிவப்பு வெளிச்சம் தெரிவதால் இணைப்பு சரி என்று நினைக்க வேண்டாம். இரு முனையிலும் ஒரே முறையைத் தேர்ந்திருக்க வேண்டும்.

ஒரு கட்டையில் பாடிய பாட்டு சுருதி ஏறி ஒலிக்கிறது, காலப்பிரமாணமும் ஓடுகிறது.

44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48இல் ஓட்டுகிறீர்கள். விகிதம் 1.088, அதாவது ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் எந்தச் சுருதிப் பெட்டியோடும் சேராமல் நிற்கும். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். பாட்டின் சாம்பிள் ரேட் மெனுவில் சரியாக இருந்தும் இப்படி ஒலித்தால், வெளியிலிருந்து வரும் கிளாக் வேறு வேகத்தில் வருகிறது என்று பொருள். முந்தைய பதிலில் சொன்ன கிளாக் அமைப்பை ‘இன்டர்னல்’ ஆக்கிப் பாருங்கள். பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

‘டிரைவ் பிஸி’ என்று சொல்லி நடுவில் நின்றுவிடுகிறது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி தேவை. 24 ட்ராக்குக்கு விநாடிக்குச் சுமார் 3.5 எம்பி. இது பெரிய வேகம் இல்லை, ஆனால் டிஸ்க்கின் முள் அந்த 24 இடங்களுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒரே பல்லவியை நாற்பது முறை பஞ்ச்-இன் செய்து (நடுவில் ஒரு துண்டை மட்டும் மறுபடி பதிந்து) திருத்தியிருந்தால், ஒரு ட்ராக்கே நூறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். முள்ளுக்கு நேரம் போதாது.

பாடலை டிஸ்க்கின் வேறு பகுதிக்கு நகலெடுத்தால் துண்டுகள் வரிசையாகச் சேரும். சில கருவிகளில் இருக்கும் ‘ஆப்டிமைஸ்’ கட்டளை, பயன்படாத துண்டுகளை அழித்து இடத்தை மீட்கும். ஆனால் அதன்பிறகு ‘அன்டூ’ செய்து பழைய டேக்குக்கு (முன்பு பாடிப் பதிந்த வடிவத்துக்கு) திரும்ப முடியாது. வித்வானுக்குப் பிடிக்காத டேக்கில்தான் நல்ல நிரவல் அமைந்திருக்கும் என்பது பலருடைய அனுபவம். அதனால் நகல் எடுத்த பிறகே அந்தக் கட்டளையைக் கொடுங்கள். துண்டுகள் அதிகமில்லாத புதிய பாடலிலும் இதே செய்தி வந்தால் டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கிறது.

‘இனிஷியலைஸ்?’ என்று கேட்கிறது. யெஸ் கொடுத்தால் சரியாகிவிடுமா?

கொடுக்காதீர்கள். டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கருவிக்குப் படிக்க முடியவில்லை, அதனால் புதிய டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. படிக்க முடியாததற்குக் காரணம் ஒரு தளர்ந்த கேபிளாகக்கூட இருக்கலாம்.

இதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். என் தாய்மாமா பாடிய விருத்தங்களைப் பதிந்து வைத்திருந்த கருவி, வீடு மாற்றிய மறுநாள் இதே கேள்வியைக் கேட்டது. நான் யெஸ் கொடுத்தேன். பாடல் பட்டியல் காலியாக வந்தது. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் மேலேயே பத்து நிமிடம் தம்புராவைப் பதிந்தும் பார்த்தேன். பிறகு மூடியைத் திறந்தபோது, டிஸ்க்குக்குப் போகும் பட்டைக் கேபிள் ஒரு பக்கம் நகத்தளவு தூக்கிக்கொண்டு நின்றது. மாமா அப்போது உயிரோடு இல்லை. அந்த விருத்தங்களில் இரண்டுதான் பிறகு மீண்டன.

அந்த இரண்டும் எப்படி மீண்டன என்பதில்தான் உங்களுக்குப் பயன்படும் செய்தி இருக்கிறது. விரைவாக முடிந்துவிடும் இனிஷியலைஸ் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. ஒலி அதே இடத்தில் கிடக்கிறது, புதிதாக ஏதாவது மேலே பதியும்வரை. ஆகவே தவறிக் கொடுத்திருந்தால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

கழற்றிய டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் ‘ஃபார்மட் செய்யவா’ என்கிறது.

அதற்கும் அதே பதில், வேண்டாம். ஹெச்டி24 போன்ற கருவிகள் தங்களுக்கென்று தனி ஃபைல் அமைப்பை வைத்திருக்கின்றன. விண்டோஸுக்கும் மேக்குக்கும் அது புரியாது. டிஸ்க் பழுதில்லை.

யுஎஸ்பி அடாப்டரில் டிஸ்க்கை மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக நகலெடுங்கள். படிக்க முடியாத இடங்களைத் தாண்டி, நல்ல இடங்களை முதலில் மீட்டுவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பிவரும் வகையில் அது எழுதப்பட்டிருக்கிறது. செய்ய வேண்டிய சோதனைகளை எல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். ஹெச்டி24க்கு அதன் அமைப்பைப் படித்துச் சாதாரண வேவ் ஃபைலாக்கும் இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்டினால் மட்டும் எதையும் முயலாமல் நிறுத்துங்கள். உறைபெட்டியில் வைத்து எடுக்கும் பழைய வைத்தியம் நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே பனித்துளியைத்தான் உண்டாக்கும்.

புதிதாக எவ்வளவு பெரிய டிஸ்க் போடலாம்?

கருவியின் வயதைப் பொறுத்தது. 1990களின் கருவிகள் பல 8.4 ஜிபிக்கு மேல் காணாது. பிந்தையவை பலவற்றுக்கு 137 ஜிபி எல்லை, ஏனென்றால் டிஸ்க்கை இணைக்கும் பழைய ஐடிஇ முறையில் முகவரிக்கு 28 பிட் மட்டுமே. 8 ட்ராக்கை 24 பிட், 48இல் ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறத்தாழ 4.1 ஜிபிதான் ஆகிறது என்பதால் சிறிய டிஸ்க்கே போதும்.

காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையை அடாப்டரில் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. சத்தமும் சூடும் இல்லை. ஆனால் தன்னை நிலையான டிஸ்க் என்று அறிவிக்காத அட்டையைச் சில கருவிகள் ஏற்காது. எதைப் போட்டாலும் ஜம்பரை (டிஸ்க்கின் பின்பக்கப் பின்களில் செருகும் சிறு துண்டை) பழைய டிஸ்க்கில் இருந்தபடியே மாஸ்டரிலோ ஸ்லேவிலோ வையுங்கள், பழைய டிஸ்க்கை அப்படியே பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்.

பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வந்து பார்த்தால் பாட்டே இல்லை.

பல கருவிகள் ஸ்டாப் அழுத்திய பிறகே பட்டியலில் பதிவின் விவரத்தை எழுதுகின்றன. ஆகவே ஒலி டிஸ்க்கில் இருக்கும், பட்டியலில் இருக்காது. இனிஷியலைஸ் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்: மேலே எதையும் பதியாமல் நகலெடுத்து மீட்க முயலுங்கள். இனிமேல் யுபிஎஸ் இல்லாமல் பதிய வேண்டாம். அணைக்கும்போதும் சுவிட்சை நேரே நிறுத்தாமல், மெனுவில் ஷட்-டவுன் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

டிஸ்க்கைப் படிக்க மென்பொருளே கிடைக்காத கருவி. பாடல்களைக் கணினிக்கு எப்படி எடுப்பது?

ஓட்டிக் கேட்டபடியே எடுக்க வேண்டும். எஸ்பிடிஐஎஃப் வெளியீட்டில் ஒரு முறைக்கு இரண்டு ட்ராக். 8 ட்ராக் கொண்ட 6 நிமிடப் பாட்டுக்கு நான்கு முறை, 24 நிமிடம். ஈக்யூவையும் எஃபெக்ட்டையும் அணைத்து, ஒலியை இடம் வலமாக நகர்த்தும் ‘பான்’ குமிழ்களை இரு ஓரங்களுக்கும் தள்ளி, ஃபேடர்களை ஒரே அளவில் வையுங்கள். பாட்டுக்கு முன்னால் எல்லா ட்ராக்கிலும் ஒரு தட்டல் ஒலியை நகலெடுத்து ஒட்டிவிட்டால், கணினியில் அந்தத் தட்டல்களை நேராக அடுக்குவது எளிது.

அப்படி எடுத்தும் முடிவில் மிருதங்கம் பாட்டை விட்டு விலகுகிறது.

தொடக்கத்தில் சேர்ந்து முடிவில் விலகினால், கணினி தன் கிளாக்கில் பதிந்திருக்கிறது. இரு கிளாக்குகளுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 5 நிமிடத்தில் 15 மில்லி விநாடி விலகும். எல்லா ட்ராக்கும் ஒரே அளவு விலகியிருந்தால் காதுக்குத் தெரியாது. சூடேறும்போது கிளாக்கும் சற்று மாறுவதால், முதல் முறையும் நான்காம் முறையும் ஒத்துப்போவதில்லை. கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸை ரெக்கார்டரின் எஸ்பிடிஐஎஃப் கிளாக்கைப் பின்பற்றும்படி வைத்து மறுபடி எடுத்தால் விலகல் இருக்காது. அனலாக் வழியில்தான் எடுக்க முடியும் என்றால், முடிவிலும் ஒரு தட்டல் ஒலியை ஒட்டி, இரண்டு தட்டல்களுக்கும் பொருந்தும்படி ஒவ்வொரு ட்ராக்கையும் நீட்டிக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது டேப் மெஷின். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறது.

போடாதீர்கள். பூஞ்சை, சுழலும் ஹெட் டிரம்மில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டேப்பையும் கெடுக்கும். பூஞ்சை பிடித்த டேப்பைத் தனியே சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். டிரம்மை நீங்களே துடைப்பதானால் மான்தோல் துண்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும், காது குடையும் பஞ்சுக்குச்சியின் நூல் அதில் சிக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கப் போகிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

கோளாறு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வருகிறது, திரையில் என்ன வாசகம் தோன்றுகிறது என்பதைத் தாளில் எழுதிக் கருவியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். வாசகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர் சோதிப்பதற்கு வேறொரு காலி டிஸ்க்கை மாட்டிக் கொடுங்கள். கருவி திரும்பி வந்ததும் அந்தக் காலி டிஸ்க்கிலேயே ஒரு மணி நேரம் பதிந்து ஓட்டிப் பார்த்து, சூடேறிய பிறகும் ஒழுங்காக இருந்தால் மட்டும் உங்கள் டிஸ்க்கை மாட்டுங்கள்.